ஒரே இரத்தம், இரண்டு விடை

“ஒரே பிள்ளை, ஒரே இரத்தம், அதுக்கு ரெண்டு விடையோ? நீர்தான் வழியிலை எதையோ மாத்திப்போட்டீர்!”

இது என் கணவர். நோயாளிப் பிள்ளைக்குத் தாயாய் இருப்பதும் ஓர் உத்தியோகம்தான். லீவு கிடையாது, பழி மட்டும் ஒழுங்காக வரும். அதே உத்தியோகத்தில் மாட்டுப்பட்ட சகோதரிகளே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். என் மகள் வதனிக்குச் சளி பிடித்தால் நேரே நெஞ்சுக்குள் இறங்கும். நோயை எதிர்க்கிற புரதம் இரத்தத்தில் நாலு வகையாம். இரண்டாம் வகை குறைவென்றால் மாதாமாதம் மருந்து ஏற்ற வேண்டும், விட்டால் நுரையீரல் பழுதாகிவிடும் என்றார் டொக்டர். அளப்பது கொழும்பில். காய்ச்சல்காரப் பிள்ளையைச் சோதனைச்சாவடி சாவடியாய் இறக்கி ஏற்ற ஏலாது. ஆகவே இரத்தம் மட்டும் பயணம் போனது, ஐஸ் போத்தலில், என் மடியில்.

மஞ்சள்

“போத்தலில் என்ன?” என்றான் சாவடியில் நின்ற ஆமிக்காரப் பொடியன். “பிள்ளையின்ரை இரத்தம்” என்றேன். மூடியைத் திறந்தான். எங்கள் ஊர் லாப்பில் சிவப்பை அடியில் இறக்கிவிட்டு, மேலே தெளிந்த நீரைத்தான் குழாயில் அடைத்துத் தந்திருந்தார்கள். முழு பஸ்ஸும் வெயிலில் நிற்க, அவன் குழாயைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். நான் படித்த கொன்வென்றில் பொய் சொன்னால் முழங்காலில் நிறுத்துவார்கள். இங்கே நிறுத்தினால் ஐஸ் கரைந்துவிடும் என்பதே என் கவலை. கடைசியில் குழாயைத் திருப்பித் தந்தான்: “இரத்தம் சிவப்பு, அம்மா. இது மஞ்சள். வயசுபோன ஆள் பொய் சொல்ல வேணாம்.”

வளையம்

கொழும்பில் முதல் லாப்பில் எங்கள் பக்கத்துப் பாலையூற்றுப் பெட்டை ஒருத்தி வேலை செய்தாள். முஸ்லிம் வீடுகளில் நோன்புக்குக் காய்ச்சி உறையவிடுகிற கடற்பாசி போல வழுவழுவென்று ஒரு தட்டு, அதில் சின்னச் சின்னக் குழிகள். குழிக்குள் வதனியின் இரத்தநீரை விட்டால் அது மெல்லப் பரவி ஒரு வெள்ளை வளையம் போடும். வளையம் பெரிதென்றால் புரதம் கூட. ஆனால் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனக்குப் பொறுமை எங்கே? “கொஞ்சம் கெதியாய்ப் பாரும் பிள்ளை, ஊரடங்குக்கு முதல் நான் வீடுபோய்ச் சேரவேணும்.”

“அன்ரி, இதுக்கு ஊரடங்கு தெரியாது. பரவி முடிஞ்சால்தான் அளக்கலாம்.”

மெஷின்

வளையம் சின்னது, புரதம் குறைவு. வீட்டில் இவர், என் கணவர், நம்பவில்லை. நம்பினால் பிள்ளையின் கையில் மாதாமாதம் ஊசி ஏறுமே! அந்தப் பயம் எனக்கும் விளங்கும். ஆனால் போத்தல் மறுபடியும் ஏறியது என் மடியில்தான். இரண்டாம் லாப்பில் மெஷின். இரத்தநீரில் ஏதோ மருந்தைக் கலந்து, கலங்கினதற்குள் வெளிச்சம் பாய்ச்சி, அது எவ்வளவு சிதறுகிறது என்று அளக்கும். குடித்த தேத்தண்ணி ஆறுமுன் விடை வந்துவிட்டது. முதல் விடையைவிடக் கூட. இவர் அதை, இதற்குக் கீழே போனால் குறைவு என்று முதல் லாப் சொன்ன எல்லையோடு வைத்துப் பார்த்தார். எல்லைக்கு மேலே! கதிரையை விட்டே எழும்பிவிட்டார்: “மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. பிள்ளைக்கு ஒண்டுமில்லை!”

தராசு

அப்போ முதல் விடை என்னவென்று கேட்டேன். அதற்குத்தான் மேலே சொன்ன ஏச்சு. ஏச்சோடேயே டொக்டரிடம் போனோம். வளையத்துக்கு ஓர் எல்லை, மெஷினுக்கு வேறோர் எல்லை, இதன் விடையை அதன் எல்லையோடு பொருத்தக் கூடாது என்றார் அவர். மெஷினின் சொந்த எல்லையோடு பார்த்தால் அதுவும் குறைவுதான். பிள்ளைக்கு மருந்து வேண்டும். பிறகு இவரிடம் என்ன வேலை என்று விசாரித்தார். “துறைமுகத்திலை தராசுப் பொறுப்பு” என்றார் இவர், சத்தம் குறைந்து.

“அங்கையும் இப்பிடித்தானோ நிறுக்கிறனீங்கள்?”

வதனிக்கு மருந்து தொடங்கியாயிற்று; அதுவும் கொழும்பிலிருந்து ஐஸில்தான் வர வேண்டும். நாலு வகைப் புரதத்தை இரண்டு விதமாய் அளக்கிறார்கள், சகோதரிகளே, பேப்பருக்குப் பின்னால் இருக்கிற தகப்பனுக்குக் காது எவ்வளவு கேட்குமென்று அளக்கத்தான் இன்னும் ஒரு வழியும் வரவில்லை.

“இஞ்சேருங்கோ, இந்த மாதம் ஒருக்கால் நீங்கள் போத்தலைக் கொண்டுபோங்கோவன்?”