என் பெயருக்கு வந்த மருந்து

எனக்கு எட்டு வயதானபோது எங்கள் ஊருக்குத் தபால் கந்தோர் வந்தது. ஊருக்கு என்று சொல்வது மரியாதைக்கு. வந்தது எங்கள் வீட்டு முன்னறைக்கு. அதற்கு முன் வாவிக்கு மேற்கே இருந்த எங்கள் படுவான்கரைக்காரரின் கடிதங்கள் பட்டணத்திலிருந்து தோணியில், யாராவது ஒருவரின் மடியில் வந்தன. வாவியைக் கடப்பதற்குள் தோணியில் இருந்தவர்கள் எல்லோரும் வாசித்து முடித்திருப்பார்கள். சிலர் பதிலையும் யோசித்து வைத்திருப்பார்கள். இந்த நல்ல ஏற்பாட்டைக் குலைக்க அரசாங்கத்தார் ஆறு மாதச் சோதனையாக ஒரு கந்தோர் தந்தார்கள். கடிதங்கள் போதாவிட்டால் மூடிவிடுவார்கள்.

தபால் அதிபர் என் மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டில்தான் வாழ்வான். அப்படிக் களுதாவளைக்கு வாழப்போன மாமா ஒருநாள் ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்து எங்கள் வீட்டில் தங்கிவிட்டார். ஏன் என்று கேட்ட என்னை அம்மா தண்ணீர் அள்ளிவர அனுப்பினாள்.

வேளாண்மைக் காலத்தில் அம்மாவும் அப்பாவும் வட்டையிலேயே வாடிக் குடிசை போட்டு, வயல் நடுவே தங்கிவிடுவார்கள். வீட்டில் நானும் மாமாவும் கந்தோரும். எனக்கு விளையாட ஆளில்லை. பேச்சுத் துணைக்கு மாமாவின் இருமல் இருந்தது.

கடிதம் எழுதச் சொல்லி மாமா ஊரெல்லாம் கேட்டுப் பார்த்தார். "கூப்பிட்டாக் கேக்கிற தூரத்தில இரிக்கிறவனுக்கு முத்திரை ஒட்டவோ?" என்று ஊர் சிரித்தது. வேலித் தகராறில் பேச்சு நின்றுபோன இரண்டு வீட்டார் மட்டும் ஒழுங்காக எழுதிக்கொண்டார்கள்.

"நீயும் எழுது, மருமோன்."

"ஆருக்கு மாமா?"

வாவிக்கு அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் களுதாவளையில் இருந்த மாமிதான். கந்தோரை மூடப்போகிறார்கள், மூடினால் மாமாவுக்கு ஒரு வேலையும் இராது, ஆகையால் தயவுசெய்து ஒரு கடிதம் போடவும், விஷயம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு தபாலட்டை எழுதிப் பெட்டிக்குள் போட்டேன். பிறர் தபாலட்டையை அதிபர் வாசிக்கக்கூடாது, விலாசத்தை மட்டுமே பார்க்கலாம் என்பது சட்டமாம். அன்று மாமா விலாசத்தை நெடுநேரம் பார்த்தார். அது அட்டையின் இரண்டு பக்கமும் இருந்தது போலும்.

ஒரு கிழமையில் பதில் வந்தது. "மருமகனுக்கு, கடிதம் கிடைத்தது. நன்றாகப் படிக்கவும்." என் பெயருக்கு வந்த முதல் கடிதம். மாமா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கந்தோருக்கு ஒண்டு கூடிட்டு. இன்னொண்டு எழுது."

"என்னத்தை எழுத?"

"மழை பெய்யிதெண்டு எழுது. கிணறு கலங்கலெண்டு எழுது. வீட்டில இருமல் இரிக்கெண்டும் எழுது."

"ஆருக்கு இருமல் எண்டு?"

"அதெல்லாம் தேவல்ல."

ஆளில்லாத இருமலை எப்படி எழுதுவது? கையெழுத்து என்னுடையது என்பதால் இருமலையும் நானே எடுத்துக்கொண்டேன்.

பத்து நாளில் துணியில் தைத்த பார்சல் ஒன்று வந்தது, என் பெயருக்கு. ஒரு தகரப் பேணி நிறைய மருந்துத் தூள். கூடவே ஒரு துண்டுக் கடிதம்: காலையும் மாலையும் தேனில் குழைத்துச் சாப்பிடவும். பனியில் திரியக்கூடாது. சுருட்டைத் தொடவே கூடாது.

மாமா வாயிலிருந்த சுருட்டை எடுத்து வைத்துவிட்டு இருமினார்.

"நீங்க தின்னுங்க மாமா. இருமுறது நீங்கதானே."

"ஆர்ர பேருக்கு வந்திச்சோ அவருக்குத்தான் குடுக்கவேணும். அதுதான் சட்டம்."

"எனக்கு இருமல் இல்லையே."

"இனியும் வராது. தின்னு மனே."

பிற்காலத்தில் நான் வாசித்த தத்துவ நூல்களில்கூட அவ்வளவு கசப்பைக் கண்டதில்லை. ஆனால் மருந்தைவிட என்னை வருத்தியது சுருட்டு விவகாரம். என்னைப் பற்றி மாமியிடம் யாரோ கோள் சொல்லியிருக்கிறார்கள். உடனே எழுதினேன்: நான் சுருட்டுக் குடிப்பதில்லை, பிள்ளையார் மேல் சத்தியம். எனக்கு இருமலும் இல்லை. குடிப்பதும் இருமுவதும் மாமாதான். அதை எழுதச் சொன்னதும் அவர்தான். இனி மருந்து அனுப்ப வேண்டாம்.

அந்த இருமல் யாருடையது என்பது வாவியின் இரு கரையிலும் தெரிந்தே இருந்தது. தெரிந்ததை எழுதிவிடக்கூடாது என்பதுதான் எனக்குத் தெரியாது.

அன்று தபால் பை கட்டும் நேரத்தில் மாமா என் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். தோணிக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"என்ன மாஸ்டர், இன்னும் பை கட்டல்லியா? காத்து எழும்பப்போகுது."

மாமா மேசை லாச்சியைத் திறந்தார். மூடினார். பிறகு சீல் கட்டையை மையில் ஒற்றி, அட்டையில் ஒரு குத்துக் குத்தி, பைக்குள் போட்டுக் கட்டினார்.

"பெட்டிக்குள்ள விழுந்தது போகத்தான் வேணும்" என்றார், யாரும் கேட்காமலே.

கந்தோர் நிலைத்துவிட்டது; வேலிச் சண்டைக்காரர் கைவிடவில்லை. களுதாவளையிலிருந்து மட்டும் அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நான் சந்தோஷத்தோடு மாமாவிடம் போனேன்.

"நான் சுருட்டுக் குடிக்கிறல்ல எண்டு மாமி நம்பிட்டா போல. அதுதான் ஒண்டும் எழுதல்ல."

மாமா அன்றைய கடிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஓம் மருமோன்" என்றார். "நம்பிட்டா."