வாய்க்கால் வரிசைக் கொத்து

ராயப்பன்பட்டியில் ஜெபஷீலாவின் குரலைக் கேட்டவர்கள் குறைவு. அவளுடைய திராட்சைப் பந்தலைப் பார்த்தவர்கள் அதிகம். எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு முன்னால் அவளுடைய அப்பா படுத்த படுக்கையானார். அந்த வாரமே திராட்சை பேக்கிங்குக்குப் போனவள் பிறகு பள்ளிக்கூடப் படி ஏறவில்லை. பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவாஞ்சலின், வீட்டில் எல்லாருக்கும் இவா, படித்துக்கொண்டே போனாள். சில வருடம் கழித்து இவாஞ்சலினின் அண்ணன் வினோத்ராஜுக்கே ஷீலாவைக் கட்டிக்கொடுத்தார்கள். கூடப் படித்தவள் நாத்தனார் ஆனாள். "ஷீலா" என்று கூப்பிட்டவள் "மதினி" என்று கூப்பிட ஆரம்பித்தாள். மரியாதையான சொல்தான். ஆனால் ஒரே பெஞ்சில் இருந்ததை அது அழித்துவிட்ட மாதிரி ஷீலாவுக்கு இருந்தது.

பொறாமை என்று அதற்குப் பெயர் வைக்க அவள் நெடுநாள் கூசினாள். இவா அமெரிக்காவிலிருந்து போன் பேசினால் வீடே கூடத்துக்கு வந்துவிடும். ஷீலா மட்டும் அடுப்படியில் நின்று, ஏற்கெனவே தேய்த்த பாத்திரத்தை மறுபடி தேய்ப்பாள். காது கூடத்தில் இருக்கும்.

இந்தக் கோடையில் இவாவே வந்துவிட்டாள். சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. சேர்வதற்கு முன்னால் கொஞ்சநாள் வீட்டில் இருக்க வந்தாள். பெட்டியில் சாக்லேட்டுகளுக்கு நடுவே சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புக் கருவி இருந்தது. அதை டிவி மேசையில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அது விட்டு விட்டு 'டிக்' என்றது.

"என்னத்தா இது, பல்லி மாதிரி?" என்றாள் ஷீலாவின் மாமியார் சொர்ணலதா.

"மியூவான்மா. எலக்ட்ரான் படிச்சோம்ல மதினி, அதுக்கு அண்ணன் மாதிரி, எடை கூடுனது. வானத்துல இருந்து எந்நேரமும் விழுந்துக்கிட்டே இருக்கும். கூரை, நம்ம உடம்பு, எல்லாத்தையும் துளைச்சுக்கிட்டுப் போயிரும். இந்தப் பெட்டிக்குள்ள ஒண்ணு போனா ஒரு டிக்."

"வலிக்குமாடி?" என்றாள் மாமியார்.

"வலிச்சா நீ பொறந்ததுல இருந்து கத்திக்கிட்டுல்ல கெடக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். எலக்ட்ரான் பாடம் வருவதற்கு முன்பே ஷீலா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். இவாவுக்கு அது ஞாபகம் இல்லை.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். தாங்க முடியாதது ஏஞ்சலிடம் வந்த மாற்றம்தான். பத்தாவது முடித்திருந்த ஒரே மகள். முன்பெல்லாம் லீவு விட்டால் அம்மாவோடு பந்தலுக்கு வந்து, கத்தரிக்கோலால் கொத்துக்குள் நெருக்கமாக இருக்கும் காய்களை நறுக்கிவிடுவாள். இப்போது அந்தப் பெட்டிக்கு முன்னால் அத்தையோடு உட்கார்ந்திருந்தாள். பந்தலுக்கு வந்தாலும் வாயில் அத்தைதான்.

"அம்மா, மியூவான் பம்பரம் மாதிரி சுத்துமாம். காந்தத்துக்குள்ள விட்டா தலையாட்டுமாம். எவ்வளவு ஆட்டணும்னு புத்தகத்துல ஒரு கணக்கு இருக்கு. அத்தையும் கூட உள்ளவுகளும் அளந்து பார்த்தா, அதைவிடத் துளியூண்டு கூட ஆட்டுச்சாம். அப்படின்னா புத்தகத்துல இல்லாத ஏதோ ஒண்ணு அதைப் பிடிச்சு ஆட்டணும்ல? உலகத்துல இதுவரைக்கும் யாருமே பார்க்காத ஒண்ணு. அதைத்தான் அத்தை தேடுறாக."

"தலையாட்டுறதைப் பார்க்க அமெரிக்காவுக்கா போகணும்? உங்க அப்பத்தா சொல்றதுக்கெல்லாம் உங்கப்பா இங்கனயே ஆட்டுறாகளே."

ஏஞ்சல் சிரித்தாள். சிரிப்பு அடங்கும் முன்பே, இதற்காகத்தான் வந்தவள்போலச் சொன்னாள்.

"அத்தை என்னைய சென்னையில பிளஸ் ஒன் சேர்க்கிறேன்னாக. அவுக வீட்டுலயே இருந்துக்கலாமாம். அப்பா உன்கிட்டக் கேக்கச் சொன்னாக."

ஷீலாவின் கத்தரிக்கோல் காயை விட்டுக் காம்பில் விழுந்தது. நல்ல கொத்து ஒன்று முழுசாகக் கீழே விழுந்தது. "பார்ப்போம்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அறுவடை தொடங்கும் முன்னால் பந்தல்காரர்கள் முதல் கொத்தை வெட்டி ஞாயிறு பூசையில் காணிக்கை வைப்பார்கள். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் அதை ஏலம் விடுவார்கள். எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அங்கேயே உதிர்த்து, நிற்கிற எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து அந்த வீட்டின் முதல் கொத்தை ஷீலாதான் வெட்டுவாள். அவள்தான் தட்டில் வைத்துப் பீடம்வரை கொண்டுபோவாள். ஊர் முழுவதும் அவளை நிமிர்ந்து பார்ப்பது அந்த ஒரு நாள்தான்.

சனிக்கிழமை மாலை மாமியார் சொன்னாள்: "இந்தத் தடவை இவா கொண்டு போகட்டும். பேர் வாங்குன பிள்ளை. நீ வெட்டி மட்டும் குடுத்துரு ஷீலா."

"சரி அத்தை" என்றாள் ஷீலா.

விடிந்ததும் தட்டோடு பந்தலுக்குப் போனாள். மேட்டு வரிசையில் தேனாகப் பழுத்த கொத்துகள் தொங்கின. அவள் அங்கே நிற்கவில்லை. வாய்க்கால் ஓரத்து வரிசைக்கு நடந்தாள். அந்தக் கொடிகள் தண்ணீரை அதிகம் குடிக்கும். பழம் முந்திக் கறுத்துவிடும், இனிப்பு பிந்தித்தான் ஏறும். பார்த்தால் அப்படி ஓர் அழகு, கடித்தால் பல் கூசும். இருப்பதிலேயே பெரிய, கன்னங்கரேலென்ற கொத்தைப் பார்த்து வெட்டினாள். தட்டில் வைத்து, வீட்டுக்கு வந்து இவாவிடம் கொடுத்தாள்.

இவா பட்டுச்சேலை கட்டிக் கொத்தை ஏந்திப்போனதைக் கோயிலே பார்த்தது. ஏஞ்சல் அத்தைக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்துப் போனாள். ஷீலா பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் இருந்தாள்.

பூசை முடிந்து உபதேசியார் ஏசுதாசன் ஏலம் கூறினார். சின்னமனூர் வியாபாரி கருத்தக்கண்ணன் வழக்கம்போல விடாமல் கேட்டு எடுத்தார். மாதா கோயில் முதல் கொத்து கைக்கு வந்தால் அந்தப் பருவம் லாரி ஓட்டம் நன்றாக இருக்கும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. உதிர்த்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டுத் தானும் ஒன்றை வாயில் போட்டார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"என்ன வினோத்ராஜு, புளியமரத்துல கொடி ஏத்துனியா?"

"அமெரிக்கா போயிட்டு வந்த கை பட்டுருச்சுல்ல, கசந்துருச்சு" என்றாள் பின்னாலிருந்து பக்கத்துப் பந்தல் பாண்டியம்மாள்.

"கசக்கலக்கா, புளிக்குது. ரெண்டும் வேற" என்றாள் இவா. கூட்டம் சிரித்தது.

கருத்தக்கண்ணன் சிரிக்கவில்லை. "நாளைக்கு வெட்டுக்கு ஆள் வரச் சொல்லியிருந்தேன். பந்தலே இப்படின்னா கொஞ்சம் பொறுப்போம்ப்பா" என்றார். ஷீலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் புளிக்க வைத்தது நாத்தனாரை இல்லை, தன் பந்தலின் பெயரை.

வினோத்ராஜ் கூட்டத்தில் மனைவியைத் தேடிப் பிடித்து முறைத்தான். "யாரு வெட்டுனது இதை?"

ஷீலா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"நான்தான்ணே" என்றாள் இவா. "மதினி வேற வெட்டி வச்சிருந்தாக. எனக்கு இது அழகாத் தெரிஞ்சுச்சு. மாத்திட்டேன்."

அவ்வளவுதான். வினோத்ராஜின் முகம் தளர்ந்தது. "புத்தகம் படிச்ச பிள்ளைக்குத் திராட்சை தெரியுமா" என்று மாமியார் மகளின் கன்னத்தைத் தட்டினாள். வியாபாரி பந்தலுக்கே வந்து மேட்டு வரிசையில் ஒன்றைப் பறித்துத் தின்று பார்த்தார். வெட்டு நாளைக்கே என்றார். ஏஞ்சல் மட்டும் உள்ளங்கையில் இருந்த ஒரு பழத்தைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

மத்தியானம் இவா மோட்டார் ரூம் நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஷீலா காபி கொண்டுபோனாள்.

"எதுக்கு அப்படிச் சொன்ன?"

"என்னைய யாரும் திட்ட மாட்டாக, மதினி."

அது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் இன்னும் எரிந்தது. எதையாவது கேட்டுக் குத்த வேண்டும் போலிருந்தது.

"இத்தனை வருசம் தேடுனியே. அது கெடச்சுச்சா?"

இவா காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். "இல்லை. எங்க அளவு சரியாத்தான் இருந்துச்சு. திரும்பத் திரும்ப அளந்தோம், அசையல. ஆனா வேற ஆளுக புத்தகத்துக் கணக்கைப் புதுசாப் போட்டுப் பார்த்தாக. அது எங்க அளவுக்குப் பக்கத்துலயே வந்துருச்சு. நடுவுல இருந்த வித்தியாசம் அநேகமாப் போயிருச்சு. அந்த வித்தியாசத்தை நம்பித்தான் நான் போனதே. கணக்குச் சண்டை இன்னும் தீரல. ஆனா நான் நினைச்சது அங்கன இல்லைன்னுதான் தோணுது. காலையில அந்தப் பழத்தைக் கடிச்சதும், பார்க்க அவ்வளவு அழகு, உள்ள இனிப்பு இல்லைன்னதும், எனக்கு அதான் நெனப்பு வந்துச்சு."

"உங்கம்மாகிட்டச் சொல்லிட்டியா?"

"வந்த அன்னைக்கே சொன்னேன். 'போனாப் போகுது, மொதல்ல சாப்பிடு'ன்னாக."

ஷீலா பந்தலைப் பார்த்தாள். போன பருவத்தில் காலம் தப்பிப் பெய்த மழையில் பழமெல்லாம் வெடித்தபோது, 'சாப்பிடு' என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. மருந்தை எப்போது அடித்தாய், ஏன் முன்னாலேயே வெட்டவில்லை என்று அடுத்த பருவம்வரை கேட்டார்கள். மழைக்கும் அவள்தான் பதில் சொன்னாள். இவளோ தன் இளமையையே கொண்டுபோய்த் தேடி, வெறுங்கையோடு வந்திருக்கிறாள். இவளுக்குத்தான் முதல் கொத்தும் பட்டுச்சேலையும். இத்தனை நாள் அவளுடைய படிப்பைப் பார்த்து வெந்ததாக ஷீலா நினைத்திருந்தாள். படிப்பில்லை. தோற்றுப்போய் வந்து நிற்க அவளுக்கு ஒரு வாசல் இருந்தது. அதுதான் ஷீலாவுக்கு இல்லாதது.

"இனி என்ன செய்வ?"

"வேற இடத்துல தேடணும். எங்கன இல்லைன்னு தெரிஞ்சதும் ஒரு கணக்குத்தான்."

சாயங்காலம் ஏஞ்சல் மேட்டு வரிசைக்கு வந்தாள். கத்தரிக்கோலை எடுக்காமல் நின்றாள்.

"வாய்க்கா வரிசைதானம்மா அது?"

"ஆமா."

"அத்தை வெட்டல."

"இல்லை. நான்தான் வெட்டுனேன். தெரிஞ்சேதான் வெட்டுனேன்."

ஏஞ்சலின் கண் கலங்கியது. "அப்ப நான் போகலம்மா. நீ வருத்தப்படுவ."

இந்த வார்த்தைக்காகத்தானே இத்தனையும். கேட்டதும் ஷீலாவுக்கு இனித்தது. ஒரு கணம் அந்த இனிப்பை நாக்கிலேயே வைத்திருந்தாள். பிறகு மகளின் தாவணி முனையில் ஒட்டியிருந்த காய்ந்த இலையை எடுத்துப் போட்டாள்.

"போ. போய்ப் படி. படிச்சு, தேடி, ஒண்ணும் கெடைக்கலைன்னாலும் நேரா இங்கன வா. ஏன் கெடைக்கலைன்னு இந்த வீட்டுல ஒருத்தரையும் கேக்க விட மாட்டேன்."

ஏஞ்சல் அம்மாவின் தோளில் முகத்தை வைத்தாள். வீட்டுப் பக்கமிருந்து இவாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. மாமியார் எதற்கோ அவளைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். ஷீலாவின் நெஞ்சுக்குள் பழைய எரிச்சல் மறுபடி தலைதூக்கியது.

"உங்க அத்தைகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிரு" என்றாள். "அடுத்த தடவை முதக்கொத்தை நான்தான் கொண்டு போவேன்."