வெறும் வெளிச்சம்

ஒரு மனிதரின் முதுகுக்கு மாலை போட்டு, ஊதுவத்தி ஏற்றி, வீடே அழுததை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஒரகடத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், 1973ஆம் வருஷம் ஜூன் மாதக் கடைசியில் அது நடந்தது. அந்த முதுகைப் படமெடுத்தவன் பெயர் லூர்துராஜ்.

அவனுக்கு அப்போது முப்பத்தாறு வயது. ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடையை ஒட்டினாற்போல் 'மரியா ஸ்டுடியோ' என்று ஒரே ஓர் அறை வைத்திருந்தான். சென்னையில் எட்டு வருஷம் சம்பளத்துக்கு இருந்து தொழில் கற்றவன். சொந்தமாகக் கேமரா இருந்தால் ராஜா மாதிரி வாழலாம் என்று நம்பினான். மனைவி செல்வமேரியும் அதை நம்பித்தான் கழுத்திலிருந்த ஐந்து பவுன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். அதை விற்று ஒரு பழைய ஜப்பான் கேமராவும் பிளாஷும் வாங்கினார்கள்.

ராஜா வாழ்க்கை இரண்டு மாதம் நடந்தது. பிறகு ஆடி வந்தது, கல்யாணம் இல்லை. மார்கழியிலும் இல்லை. கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம் நாற்பது நாளும் இல்லை. கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் உடையவரைச் சேவித்துவிட்டு பஸ் பிடிக்க ஓடினார்களே தவிர, படம் எடுத்துக்கொள்ள யாரும் நிற்கவில்லை. பேப்பர், படம் கழுவும் மருந்து, பிலிம் எல்லாம் மாதத்துக்கு மாதம் விலை ஏறின. இவன் எட்டணா ஏற்றிக் கேட்டால், வந்தவர் சீப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். பேரம் பேசாமல் கைமேல் காசு கொடுத்தவர்கள் சாவு வீட்டுக்காரர்கள் மட்டும்தான். எங்காவது சாவு மேளம் கேட்டால் செல்வமேரி சிலுவை போட்டுக்கொள்வாள். லூர்துராஜ் கேமராவைத் துடைக்க ஆரம்பிப்பான்.

"எவன் வூட்ல எழவு வுழும், நம்ம வூட்ல அடுப்பு எரியும்னு காத்துகினு கீறோம்" என்று ஒரு நாள் சொல்லிவிட்டு, அவளே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்ததும் ஒரு கல்யாண ஆர்டர் வந்தது. கொண்டுவந்தவர் பெரியநாயகம், கல் குவாரியில் உளி பிடிக்கிறவர். ஒரே மகள் சகாயமேரிக்குக் கல்யாணம். இருபத்து நாலு படம், நூறு ரூபாய் என்று பேசி, வேட்டி மடிப்பிலிருந்து ஐம்பது ரூபாயை எடுத்துக் கொடுத்தார்.

"மீதி அம்பது படம் குடுக்கறப்போ. ஆனா ஒண்ணு தம்பி, என்னைத் தனியா ஒரு படம் எடுக்கணும். அம்பத்திரெண்டு வயசாவுது. என் மூஞ்சிய சவரக்காரன் கண்ணாடிலதான் பாத்துக்கீறேன்."

"மாப்பிள்ளைய வுட நீங்கதான் ஷோக்கா வருவீங்க போல கீதே!"

"மாப்ள மாவு மில்லுல வேல பாக்கறான். கண்ணு எது, மூக்கு எதுன்னு தேடித்தான் நீ எடுக்கணும்" என்று பெரியநாயகம் சிரித்தார். வாசலைத் தாண்டிய பிறகும் அந்தச் சிரிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை லூர்துராஜ் ஸ்டுடியோவுக்குப் போனபோது கதவில் வேறு பூட்டுத் தொங்கியது. கடைக்குச் சொந்தக்காரர் கோதண்டராமன் எதிர்க் கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். வாடகை மூன்று மாதம் நின்றிருந்தது.

"சார், கேமரா உள்ள கீது. நாளைக்குக் கல்யாணம் சார்."

"கல்யாணம் எவனுக்கோ. வாடகை எனக்கு."

லூர்துராஜ் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். பிலிம் வாங்க வைத்திருந்த ஐம்பதில் நாற்பது கோதண்டராமன் பைக்குள் போன பிறகுதான் பூட்டுத் திறந்தது. மிச்சம் பத்து ரூபாய்க்கு ஒரே ஒரு ரோல் பிலிம் கிடைத்தது. ஒரு ரோலில் பன்னிரண்டு படம்தான் எடுக்க முடியும். அவன் ஒப்புக்கொண்டதோ இருபத்து நாலு!

அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு ஒரு தந்திரம் தெரியும். கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தமெல்லாம் 'என்னை எடு, என்னை எடு' என்று வந்து நிற்கும். மறுத்தால் மனஸ்தாபம், எடுத்தால் பிலிம் நஷ்டம். அதனால் கேமராவை அமுக்காமல், பிளாஷின் பின்பக்கத்துப் பொத்தானை மட்டும் அமுக்குவார்கள். பளீரென்று வெளிச்சம் வரும். நின்றவர் சந்தோஷமாகப் போய்விடுவார். உள்ளே படம் எதுவும் பதிந்திருக்காது. 'சும்மா அடிக்கிறது' என்று அதற்குப் பெயர். பாதிப் படம் சும்மா அடித்துவிட்டு, கழுவும்போது கெட்டுப்போயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் லூர்துராஜ் மறுநாள் பஸ் ஏறினான்.

மாதா கோயிலில் மோதிரம் மாற்றியது, தாலி கட்டியது, பந்தலில் பெண்ணும் மாப்பிள்ளையும், மாப்பிள்ளை வீட்டார் என்று பத்தரை மணிக்குள் பன்னிரண்டும் முடிந்துவிட்டன. பெரியநாயகத்துக்கென்று ஒதுக்க நினைத்த ஒன்றும் மாப்பிள்ளை வீட்டாரோடு போய்விட்டது. அவர் எதிலும் வந்து நிற்கவில்லை. சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்கும் அடுப்படிக்கும் ஓடிக்கொண்டிருந்தார். யார் கூப்பிட்டாலும், "நீங்க நில்லுங்க, நான் கடைசியா தனியா எடுத்துக்கறேன்" என்றே சொன்னார்.

பந்தி முடிந்தது. முகம் கழுவி, தலையைப் படிய வாரி, மடிப்புக் கலையாத புதுச் சட்டையில் பெரியநாயகம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கல் உடைத்துக் காய்த்துப்போன கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்கால் மேல் வைத்துக்கொண்டார். அவர் மனைவி அன்னபுஷ்பம், "கெழவனுக்கு இந்த வயசுல ஷோக்கப் பாரு" என்று சிரித்தாள்.

லூர்துராஜ் கேமராவைக் கண்ணருகில் தூக்கினான். பிலிம் இல்லை என்று எல்லார் நடுவிலும் எப்படிச் சொல்வான்? பிளாஷைத் தட்டினான்.

"தம்பி, கண்ண மூடிட்டேன் போல கீது. இன்னொண்ணு அடிச்சிடு ராசா."

இன்னொன்றும் அடித்தான். அதுவும் வெறும் வெளிச்சம்தான். பெரியநாயகம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்பே தம்பி" என்றார். அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு அவன் எப்படித்தான் வீடு வந்து சேர்ந்தானோ!

பதினேழாம் நாள் குவாரியிலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பெரியநாயகம் எழுந்திருக்கவில்லை. சேதி சொல்ல, அவருடன் வேலை செய்த சுப்பன் சைக்கிளில் வந்தான்.

"எல்லாரும் போட்டோக்காரரக் கூப்டுன்னாங்க. அண்ணிதான் வேணான்னுடுச்சி. 'பொணத்த எதுக்கு எடுக்கணும்? அவரு உசுரோட சிரிச்சிகினு உக்காந்த படம் கீது. அத்தயே பெருசாப் போடச் சொல்லு, முப்பதாம் நாள் பூசைக்கு வெக்கணும்'னு சொல்லி அனுப்பிச்சி."

அப்போதே ஓடிப்போய் அடக்கத்துக்கு முன்னால் ஒரு படம் எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கேமராவில் பிலிம் இல்லை. பிலிம் வாங்க வீட்டில் ஒரு ரூபாயும் இல்லை.

விஷயத்தைக் கேட்டதும் செல்வமேரி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்டிப்பாகச் சொன்னாள்: "உண்மையச் சொல்லித் தொலைச்சிடாதீங்க. போட்டோக்காரன் சும்மா அடிச்சான்னு தெரிஞ்சா இந்தப் பக்கம் ஒருத்தன் கூப்பிட மாட்டான். என் சங்கிலியும் போச்சு, சோறும் போயிடும். படம் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்க."

பூசைக்கு நாலு நாள் இருக்கும்போது சகாயமேரி வந்தாள். கல்யாணச் சேலையின் சாயம்கூட இன்னும் போகவில்லை, அதற்குள் முகம் கறுத்துப்போயிருந்தது. மீதி ஐம்பது ரூபாயை மேஜைமேல் வைத்தாள். "அப்பா படத்த எட்துகினு போலாம்னு வந்தேண்ணே."

லூர்துராஜ் அவளைப் பார்க்கவில்லை. "சகாயம்... அப்பா கண்ண மூடிட்டாரும்மா. ரெண்டு வாட்டியும் மூடிட்டாரு. படம் சரியா வரல."

அவள் மேஜைமேல் வைத்த ரூபாயைத் திரும்ப எடுக்கவில்லை.

"பரவால்லண்ணே. பெட்டியில வெச்சப்பவும் கண்ண மூடிகினுதான் இருந்தாரு. அப்பவும் அவரு எங்கப்பாதானே? அத்தயே குடுங்க."

சொன்ன பொய் அவனிடமே திரும்பிவந்தது. இல்லாத படத்தில் கண் மூடியிருந்தால் என்ன, திறந்திருந்தால் என்ன! மேஜையில் தலையை முட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். பூட்டு, நாற்பது ரூபாய், ஒரு ரோல் பிலிம், சும்மா அடித்தது என்று எல்லாவற்றையும் சொன்னான். அவள் அடித்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அடிக்கவில்லை.

"எடுத்தது பன்னெண்டையும் காட்டுங்க" என்றாள்.

ஒவ்வொன்றாகக் கண்ணருகில் வைத்துப் பார்த்தாள். ஏழாவது படத்தில் நின்றாள். பந்தலில் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்க, அவர்களுக்குப் பின்னால் ஓர் உருவம் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. வேர்வையில் ஒட்டிய சட்டை. ஒரு பக்கம் சாய்ந்த தோள்.

"இது எங்கப்பா முதுகுண்ணே" என்றாள். இதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு முதல்முறையாக அழுகை வந்தது. "இத்தப் பெருசாப் போடுங்க. அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க, அது தாங்காது. கழுவறப்போ படம் கெட்டுப்போச்சுன்னு நானே சொல்லிக்கிறேன்."

ஏமாந்தவளே அவனுக்குப் பொய்யைத் தானமாகக் கொடுத்துவிட்டுப் போனாள்! அந்த ஐம்பது ரூபாயில் பேப்பரும் சட்டமும் வாங்கி, முதுகைப் பெரிதாக்கி, முப்பதாம் நாள் காலை லூர்துராஜே தூக்கிக்கொண்டு போனான். பூசை முடிந்து வந்தவர்கள் படத்துக்கு மாலை போட்டார்கள். முதுகுக்கு எந்தப் பக்கம் பொட்டு வைப்பது என்று ஒரு கிழவர் குழம்பினார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அன்னபுஷ்பம் படத்தை மடியில் வைத்துத் தடவினாள். பிறகு ஓவென்று மாரில் அடித்துக்கொண்டாள்.

"எல்லாம் என் வாயாலதான்! ஷோக்கப் பாருன்னு கண்ணு வெச்சேனே. என் கண்ணு பட்டுத்தான் அந்தப் படம் அழிஞ்சிது. அந்தக் கண்ணுதான் அவரையும் கொண்டுபூட்ச்சி. நானே எமனாயிட்டேனே!"

சகாயமேரி லூர்துராஜைப் பார்த்தாள். பேசாதே என்று அந்தப் பார்வை கெஞ்சியது. பேசாமல் இருந்திருந்தால் ஸ்டுடியோ பிழைத்திருக்கும், செல்வமேரியின் அடுப்பு எரிந்திருக்கும். ஆனால், செய்யாத கொலையைத் தன் தலையில் சுமந்துகொண்டு ஒருத்தி சாகும்வரை அழப்போகிறாளே! லூர்துராஜ் அவள் முன்னால் மண்டியிட்டான்.

"உங்க கண்ணு இல்லம்மா. பிலிமே இல்ல. நான்தான் சும்மா அடிச்சேன்."

சுப்பன் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். யாரோ அறைந்தார்கள். அன்னபுஷ்பம் மட்டும் அசையவில்லை. எல்லாச் சத்தமும் அடங்கிய பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "அன்னிக்கு வந்து எங்கிட்ட சொன்னாரு. கேக்காமலே இன்னொண்ணு அடிச்சான், நல்ல புள்ளன்னு."

பெரியநாயகம் கேட்ட பிறகுதான் லூர்துராஜ் இன்னொன்றை அடித்தான். அதைத் திருத்திச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

செல்வமேரி பயந்தபடியே ஆயிற்று. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்கும் அவனை யாரும் கூப்பிடவில்லை, சாவுக்கும் கூப்பிடவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பே 'மரியா ஸ்டுடியோ' பலகை இறங்கியது. கேமரா பாதி விலைக்குச் சென்னைக்குப் போனது. லூர்துராஜ் செங்கல் சூளையில் சுமந்தான், லாரியில் மூட்டை ஏற்றினான். இருமல் வந்த பிறகு அதுவும் முடியவில்லை. செல்வமேரி நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். அவள் கழுத்தில் கடைசிவரை கயிறுதான்.

1986இல் ஸ்ரீபெரும்புதூருக்கு வெளியே ஒரு மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில் அவனுக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அடையாள அட்டைக்கு எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்துப் படமெடுத்தார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த போட்டோக்காரர் லூர்துராஜை நாற்காலியில் உட்கார வைத்தார். அவன் கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டான். பளீரென்று வெளிச்சம் வந்தது.

"பெரியவரே, கண்ண மூடிட்டீங்க. இன்னொண்ணு அடிக்கிறேன்."

லூர்துராஜ் கேமராவையே பார்த்தான். "தம்பி... உள்ள பிலிம் கீதா?"

வரிசையே சிரித்தது. "ஷிப்டு முடியறதுக்குள்ள எழுந்திரு பெருசு! உன்ன இன்னா சினிமாவுக்கா எடுக்கறாங்க?" என்று ஒருவன் கத்தினான்.

இரண்டாவது வெளிச்சமும் வந்து போனது. லூர்துராஜ் எழுந்திருக்கவில்லை. போட்டோக்காரர் அலுத்துக்கொண்டே கேமராவைத் திருப்பி, எத்தனை படம் எடுத்தாயிற்று என்று காட்டும் சின்ன வட்டத்தைக் காட்டினார். அவர் பிலிமைச் சுற்றியதும் பதினெட்டிலிருந்து பத்தொன்பதுக்கு எண் நகர்ந்தது. லூர்துராஜ் அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போனான்.