இரண்டாவது கேன்

உயர் இரத்த அழுத்தத்துக்கு ஹோர்மோன் காரணமா என்று கல்முனையில் ஆராய்ந்துகொண்டிருந்தார் அந்த டொக்டர். கண்ணாடி எப்போதும் நெற்றியில்தான் இருக்கும். அழுத்தம் பார்க்குமுன் ஐந்து நிமிடம் யாரையும் கதைக்க விடமாட்டார்.

ஒருநாள் முழுதும் சிறுநீர் சேர்க்க எனக்கொரு கேன் தந்து, வழமைபோலச் சாப்பிடச் சொன்னார். நல்ல பெயர் எடுப்பதற்காக நான் மூன்று நாள் கருவாட்டைத் தொடவில்லை.

முடிவைப் பார்த்தவர், “சேர், உப்பைக் குறைச்சீங்களா?” என்றார்.

“ஓம், டொக்டர்,” என்றேன் பெருமையாக.

“உப்புக் குறைஞ்சாலும் இந்த ஹோர்மோன் கூடும். இனி உங்கட அழுத்தத்துக்கு இதுதான் காரணமா எண்டு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிற?”

கோபிக்காமல் இன்னொரு கேன் தந்தார். முப்பது வருடம் பரீட்சை மண்டபங்களில் காவல் நின்ற ஆசிரியன் நான். பார்த்தெழுதி அகப்பட்ட ஒருவனுக்கும் இரண்டாவது தாள் கொடுத்ததில்லை.