சகலை காரின் உறுமல்

ஏலப்பாறையில் என் சகலை தன் காரில், சைலன்சருக்கு முன்னாலேயே புகையைத் திறந்துவிடும் எலக்ட்ரிக் கட்அவுட் பொருத்தினார். சுவிட்சைத் தட்டினால் கார் உறுமும். தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மறுவாரமே நானும் வாங்கி, காரின் தரையில் துளை போட்டு ஒயர் இழுத்து, நானே மாட்டினேன். துளையை அடைக்கவில்லை.

ஞாயிறன்று மழை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சகலைக்குக் கேட்கட்டும் என்று உறுமிக்கொண்டே மலையேறினேன்.

"என்னங்க, தல சுத்துது" என்றாள் மனைவி.

"உன் தங்கச்சி கார்ல மட்டும் சுத்தாதோ?" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். அவள் தலை தொங்கிக் கிடந்தது. பதறி மழையில் இறக்கிய பிறகுதான் கண் திறந்தாள். துளை வழியே புகை உள்ளே ஏறியிருக்கிறது.

கட்அவுட்டைக் கழற்றித் துளையை அடைத்துவிட்டேன். மழையிலும் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கியே ஓட்டுகிறேன். நேற்று சகலையின் கார் உறுமிப் போனது.

"இன்னும் வயிறு எரியுதா?" என்றாள்.

"எரியுது."

"எரியட்டும். எனக்கு மூச்சு இருக்குல்ல."