லேத் மிஷினுக்குத் துண்டு போட்ட மாமா

வீட்டுக்கு லேத் மிஷின் வாங்கப் போவதாக அப்பா சொன்ன அன்றைக்கு அம்மா தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கல்லில் கிடந்த தோசை கருகிப்போனது. திண்டுக்கல்லில் லேத் என்பது யாரும் பார்க்காத பொருள் இல்லை. பூட்டுக்கும் பம்புசெட்டுக்கும் இரும்பைக் கடைந்து கொடுக்கிற பட்டறைகள் எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் அதெல்லாம் பிழைப்பு. கணக்கு வாத்தியார் ஒருவர் பள்ளிக்கூடம் விட்டு வந்து ஆசைக்கு இரும்பு கடையப் போகிறார் என்றால் ஊர் சும்மா இருக்குமா? எதிர்வீட்டுக்காரம்மா அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, சாருக்கு வேலை போய்விட்டதா என்று மெதுவாக விசாரித்தார்.

அப்பாவின் ஆசை இவ்வளவுதான். உள்ளங்கையில் உட்காருகிற அளவில் ஒரு பித்தளை நீராவி இயந்திரத்தைத் தன் கையால் செய்து ஓடவிட வேண்டும். எந்த ஊர்க்காரரோ தன் வீட்டு ஷெட்டில் அதைச் செய்வதைச் செல்போனில் பார்த்துப் பார்த்து, சோறு சாப்பிடும்போதுகூட அப்பாவின் விரல்கள் தட்டில் எதையாவது திருகிக்கொண்டிருக்கும்.

தையல் மிஷின் போல மேஜைமேல் வைக்கிற புது லேத்தா, பட்டறையில் ஓடிய பழைய கனத்த லேத்தா என்று மாதக்கணக்கில் குழம்பினார். புதுசு பார்க்க அழகு, ஆனால் இரும்பைத் தொட்டதும் நடுங்கும் என்றார். பழையது நடுங்காது. அதற்குப் பதிலாக அம்மா நடுங்கினாள். சுற்றுகிற எதுவும் அம்மாவுக்கு ஆகாது. மிக்சி போடும்போதே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எட்ட நிற்கிறவள். கடைசியில் ஒரு வழியாக இறங்கி வந்தாள்.

"எங்கண்ணன் வந்து பாக்கட்டும். அது சரின்னு சொன்னா வாங்கிக்கங்க."

அம்மாவின் அண்ணனான என் மாமா ஆத்தூர்ப் பக்கம் விவசாயம், அதோடு மாட்டுத் தரகு. அவர் பார்த்துக் கொடுத்த மாடு சோடை போனதில்லை என்று பெயர். அதனால் எங்கள் வீட்டில் பிரிட்ஜ் வாங்கினாலும் அவர்தான் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையசைக்க வேண்டும். அப்பாவும் மறுக்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு, பழைய லேத் விலைக்கு இருந்த ஒரு பட்டறைக்கு மூவருமாகப் போனோம்.

பட்டறைக்காரர் பெரிய மிஷின் ஒன்று புதிதாக வாங்கியிருந்தார், பழையதைத் தள்ளிவிடப் பார்த்தார். நல்ல மனுஷன். எங்களுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். இடது கையால் கொடுத்தார். மாமாவுக்குச் சுருக்கென்றது. வாங்கிக்கொண்டாலும் குடிக்காமல் அப்படியே ஸ்டூலில் வைத்துவிட்டார். பட்டறைக்காரரின் வலது கை, துடைக்கிற பனியன் துணிக்குள் சுற்றியபடியே இருந்தது. எண்ணெய்க் கை போல என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா லேத்தின் நீளமான இரும்புப் படுக்கையை நகத்தால் வருடித் தேய்மானம் பார்த்தார். இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுழலுகிற 'சக்' என்கிற வட்டப் பிடியை அசைத்து அசைத்துப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, மனுஷன் விழுந்துவிட்டார். மாமா அவர் வழியில் பார்த்தார். ஒரு சுற்று சுற்றி வந்தார், மாட்டை முதுகில் தட்டுவதுபோல் தட்டினார், குனிந்து பல்சக்கரங்களை எட்டிப் பார்த்தார். "நல்ல கட்டுமானம் மாப்ள" என்றார்.

விலை பேச வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் மாமா தன் தொழில் புத்தியைக் காட்டினார். சந்தையில் மாட்டுக்கு வாய்விட்டு விலை சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் கையின்மேலும் துண்டைப் போட்டுக்கொண்டு, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடித்தே பேசி முடிப்பார்கள். எந்த விரலைப் பிடிக்கிறோம், எத்தனை விரலைப் பிடிக்கிறோம் என்பதுதான் விலை. மாமாவுக்கு வேறு விதமாக விலை பேசத் தெரியாது. தோளிலிருந்த துண்டை உருவிப் பட்டறைக்காரரின் வலது கைமேல் போட்டு, உள்ளே கையை நுழைத்தார்.

அப்படியே நின்றுவிட்டார்.

துண்டுக்குள் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டுமே இருந்தன. நடுவில் பிடிக்க ஒன்றும் இல்லை. இது எனக்குத் தெரியவரப் பல வருஷம் ஆனது. அன்றைக்கு நான் பார்த்தது மாமாவின் முகத்தைத்தான். வெயிலில் கறுத்த அந்த முகம் சாம்பல் பூத்துப்போனது. அவர் கையை எடுக்கவில்லை. பட்டறைக்காரரும் இழுத்துக்கொள்ளவில்லை. அநியாய விலை சொல்லிவிட்டார் பாவி என்று முடிவுகட்டினேன். அப்பாவின் இயந்திரம் அவ்வளவுதான் என்று அழுகை முட்டியது.

"தாயி, நீ போயி வண்டிக்கிட்ட நில்லு" என்றார் மாமா. குரலே அவருடையதாக இல்லை.

நான் போன பிறகு நடந்தது இது. இந்த மிஷின் வேண்டவே வேண்டாம் என்றிருக்கிறார் மாமா. பட்டறைக்காரர் துணியை அவிழ்த்துக் கையைக் காட்டி, தப்பு மிஷின்மேல் இல்லை, மோதிரத்தோடு நின்றேன், அது சக்கில் மாட்டிக்கொண்டது, இந்தக் கையோடு அதற்கப்புறமும் இதே மிஷினில்தான் வேலை செய்தேன் என்றிருக்கிறார். அப்பா மிஷின்மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றிருக்கிறார். மாமா இறங்கி வந்தது அப்பாவின் அந்தக் கையைப் பார்த்துத்தான். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னாலும் லேத் வாசல்படி ஏறாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வண்டிக்கு வந்ததும் மாமா அப்பாவின் முன்னால் கையை நீட்டினார்.

"மோதிரத்தக் கழட்டிக் குடுங்க மாப்ள."

கல்யாணத்தன்று மாமாவே போட்டுவிட்ட மோதிரம் அது. அப்பா கழற்றிக் கொடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தரகு வாங்குகிறார் என்று நினைத்தேன். சொந்தத் தங்கச்சி வீட்டிலேயே தரகா?

லேத் வந்து இறங்கி, அம்மா அதற்குக் குங்குமம் வைத்துவிட்டு நிமிரும்போது அப்பாவின் வெறும் விரலைப் பார்த்துவிட்டாள். மோதிரம் எங்கே என்று கேட்டாள். அப்பா மாமாவைப் பார்த்தார்.

"எங்கிட்டதான் இருக்கு" என்றார் மாமா.

"போட்ட மோதிரத்தத் திரும்ப வாங்குற அண்ணன இன்னைக்குத்தாண்ணே பாக்குறேன்" என்றாள் அம்மா. மாமா தலையைக் குனிந்துகொண்டாரே தவிர ஏன் என்று சொல்லவில்லை. சாப்பிடாமலே பஸ் ஏறிப் போனார். அந்தப் பொங்கலுக்கு அவர் கொண்டுவந்த சீரை அம்மா முகம் கொடுத்து வாங்கவில்லை. நானும் அவர் வாங்கிவந்த கொய்யாப் பழத்தைத் தொடவில்லை.

ஆனாலும் மாமா வருவதை நிறுத்தவில்லை. முன்னைவிட அடிக்கடி வந்தார். வந்ததும் நேராகப் பின்பக்கம் லேத் இருந்த அறைக்குப் போவார். அப்பா மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்புவார். மாமா தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அப்பாவின் கைமேல் போட்டு உள்ளே கையை விடுவார். செத்த நேரம் துண்டு மட்டும் மெல்ல அசையும்.

"என்ன வெல சொல்றீங்க மச்சான்" என்று அப்பா சிரிப்பார்.

மாமா சிரிக்க மாட்டார். "சரியா இருக்கு மாப்ள" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். பிறகுதான் சமையலறைப் பக்கம் வந்து அம்மாவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்பார்.

அப்பாவின் லேத்தை வேறு யாருக்கோ விலை பேசுகிறார் என்று நான் வெகுநாள் பயந்துகொண்டிருந்தேன்.