பூட்டைத் திறக்க ஆரைப் பிடிக்கிறது?

போன வியாழக்கிழமை குணம் அண்ணை வீட்டை விட்டு வெளிக்கிட்டார்.

இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். ஏழு மாதத்துக்குப் பிறகு வெளிக்கிட்டார் என்று சொன்னால்? டொக்டர் சொல்லியும் அசையாதவர். மகன் கெஞ்சியும் அசையாதவர். அவரைக் கதவுக்கு வெளியே கொண்டுவந்தது உள்ளூராட்சித் தேர்தல். அந்தப் பெருமையில் முக்கால் பங்கு எனக்கு. மிச்சக் கால் பங்கு இறாலுக்கு. சொல்கிறேன்.

லண்டனில் எங்கட ஹை ரோட்டில் பஸ் தரிப்புக்குப் பக்கத்தில் நாலு பேர் இருக்கக்கூடிய மர வாங்கு ஒன்று இருக்கிறது. காலை பத்து மணிக்கு நாங்கள் நாலு கிழவர்கள் அதில் கூடுவோம். அங்கே நாங்கள் தீர்த்துவைக்காத உலகப் பிரச்சினை இல்லை. ஜெனீவாவில் இலங்கைப் பிரச்சினைக்கு எந்த நாடு எந்தப் பக்கம் கை உயர்த்தும், வாஷிங்டன் என்ன நினைக்கிறது, டெல்லி எதை மறைக்கிறது... எல்லாம் விரல் நுனியில். நடுவில் இருப்பவர் குணம் அண்ணை. எழுபத்தெட்டு வயது. அவர் தலையாட்டாமல் எங்கட வாங்கில் எந்தத் தீர்மானமும் நிறைவேறாது.

(பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். அவரும் இந்தப் பத்தியின் வாசகர்.)

வாங்குக்கு நேரெதிரே ஒரு பொது மலசலகூடம். போன இலையுதிர் காலத்தில் ஒரு நாள் அதில் பெரிய பூட்டுத் தொங்கியது. 'மறு அறிவித்தல் வரை மூடப்பட்டுள்ளது.' நாங்கள் அதைப் பார்த்தோம். பார்த்துவிட்டு ஜெனீவாவுக்குத் திரும்பிப் போனோம்.

குணம் அண்ணை மட்டும் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிரஷருக்குத் தண்ணி போகிற குளிசை எடுப்பவர். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எதிரே போய்வருவார். இனி எங்கே போவது? கோப்பிக் கடைக்குள் போகலாம் — ஆனால் ஒரு தேத்தண்ணி வாங்க வேண்டும். அதைக் குடித்தால் திருப்பியும் போக வேண்டும். ஒரு கிழமை சமாளித்தார். பிறகு ஒரு நாள் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியில்... அதை விடுவோம். அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

போன் எடுத்தேன். எங்கட வீட்டுக்கு வந்து இருங்கோ, அங்கே இரண்டு ரொய்லெற் இருக்கிறது என்றேன்.

"உம்மட மனிசி சமைக்கேக்கை அரை மணிக்கு ஒருக்கா குசினியைக் கடந்து போறதோ? வேண்டாம் தம்பி. உள்ளுக்கை இருந்தால் மானமாவது மிஞ்சும்."

அன்றைக்கு முடிவெடுத்தேன், இந்தப் பூட்டை நான்தான் திறக்க வேண்டும் என்று.

உங்களுக்குத் தெரியும், நான் எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன். பெற்றோல் நிலையத்தில் தரை கூட்டத் தொடங்கி இன்று மூன்று கடை. பட்டதாரிகள் என்னட்டை ரில்லில் காசு எண்ணிக்கொண்டு நிற்கிறார்கள். (முன்னமும் எழுதியிருக்கிறேன். இனியும் எழுதுவேன்.) படித்து முன்னேறவில்லை. ஆளைப் பிடித்து முன்னேறினேன். எந்தக் காரியத்துக்கும் ஓர் ஆள் இருக்கிறான், அவனைப் பிடித்தால் சரி. அதிலும் பெரிய ஆளைப் பிடிக்க வேண்டும். இதுதான் என் பல்கலைக்கழகம்.

எங்கட பக்கம் பெரிய ஆள் ஆர்? எம்.பி.! பொங்கல் விழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்துவது நான்தான். அவருக்கு முன்பிருந்த இரண்டு எம்.பி.க்களுக்கும் போர்த்தியவன் நானே — கட்சி வித்தியாசம் பார்ப்பதில்லை. அந்தப் படம் பெரிய கடையில் ரில்லுக்கு மேலே தொங்குகிறது.

எம்.பி. மக்களைச் சந்திக்கிற நாளில் போய் இரண்டு மணித்தியாலம் வரிசையில் நின்றேன். அருமையான மனிசன். என் கையைப் பிடித்தபடி கேட்டார். தலையாட்டினார். மூன்றாம் கிழமை கடிதம் வந்தது — நல்ல தடித்த கடதாசி. இது கவுன்சிலின் பொறுப்பு, அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன் என்று.

கவுன்சிலா? குப்பை அள்ளுகிறவர்களிடமா என் அலுவலைக் கொடுப்பது? எம்.பி.க்கு ஏலாவிட்டால் அடுத்த பெரிய ஆள் லண்டன் மேயர். மகளைப் பிடித்து ஈமெயில் எழுதுவித்தேன். அங்கிருந்தும் மரியாதையான பதில். பஸ்ஸும் ரயிலும் எங்கள் பக்கம், மலசலகூடம் உங்கள் கவுன்சில் பக்கம் என்று.

மாதங்கள் ஓடின. குணம் அண்ணை ஜன்னலடியில் இருந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாங்கில் நாங்கள் மூன்று பேர். நடுவிடம் வெறுமை. ஜெனீவாகூடச் சப்பென்று போய்விட்டது.

ஒரு சனிக்கிழமை காலை மனிசி குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தா. உரித்த கோதைப் போடக் கீழே ஒரு கடதாசி விரித்திருந்தா. கதவுக்குள்ளால் வந்து விழும் தேர்தல் நோட்டீஸ்களுக்கு எங்கட வீட்டில் அதுதான் வேலை. நான் மேயரின் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இஞ்சாருங்கோ, நீங்கள் உலகமெல்லாம் தேடுற ரொய்லெற் இஞ்சை கிடக்கு" என்றா, கத்தி முனையால் காட்டி.

இறால் தலைகளைத் தள்ளிப் பார்த்தேன். எங்கட பூட்டு! பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறா. இந்த மலசலகூடத்தைத் திறக்கக் கவுன்சிலுக்குள் போராடுகிறேன், சனிக்கிழமை பத்து மணிக்கு லைப்ரரியில் என்னைச் சந்திக்கலாம் என்று எழுதியிருந்தது. பெயர் ஜாய்ஸ். எங்கட வட்டாரக் கவுன்சிலர்.

முகத்தை எங்கேயோ பார்த்த மாதிரி... எங்கே? வேறெங்கே, என் வாசலில்தான். மாசியில் ஒரு நாள் நல்ல மழைக்குள் கதவு தட்டினவ. கையில் கடதாசிக் கட்டு. குளிருக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் விற்க வந்தவ என்று நினைத்து, "எங்களுக்கு டபிள் கிளேசிங் போட்டாச்சு" என்று சொல்லிக் கதவைச் சாத்தியவன் நான்.

லைப்ரரிக்கு ஓடினேன். மூலையில் ஒரு மேசை. அதில் ஒரு பிளாஸ்க், ஒரு கொப்பி, ஜாய்ஸ். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறி ரிட்டயர் ஆனவவாம். வரிசையில் நான் மட்டும்தான். எம்.பி.க்கு இரண்டு மணித்தியாலம் நின்ற எனக்கு இதுவே கொஞ்சம் அவமானமாக இருந்தது.

என்னைக் கண்டதும் கேட்டா: "டபிள் கிளேசிங் எப்படி? குளிர் வருவதில்லையே?"

குளிர் வருவதில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

நான் என் கடிதங்களை எடுத்து வைத்தேன். அவ வாசித்துச் சிரித்தா. பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னா. படை, பாஸ்போர்ட், பென்சன் — அது எம்.பி. இருக்கிற பார்லிமென்ற். பஸ், ரயில், பொலிஸ் — மேயர். குப்பை, லைப்ரரி, பார்க், தெருவோரம், இந்த மலசலகூடம் — கவுன்சில். யோசித்துப் பார்த்தேன். படை எனக்கு ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை. குப்பை வண்டி கிழமைக்கு ஒருமுறை தேவைப்படுகிறது. ஆனால் பொன்னாடை ஆருக்குப் போகிறது?

"உங்கள் எம்.பி. நல்லவர். ஆனால் அந்தப் பூட்டைத் திறக்கிற திறப்பு அவர் கையில் இல்லை" என்றா ஜாய்ஸ். "தேர்தலுக்குப் பிறகு புதுக் கவுன்சில் கூடி முடிவெடுக்கும். திருத்தித் திறப்பதா, இடத்தை யாருக்காவது கொடுப்பதா என்று. நான் உள்ளே இருந்தால் திறக்கச் சொல்லிக் கை உயர்த்துவேன். தோற்றால் ஒரு கை குறையும். உங்கள் வீட்டில் எத்தனை வோட்?"

"ஐந்து" என்றேன் பெருமையாக.

"போன முறை எத்தனை பேர் போட்டீர்கள்?"

சின்ன எலெக்‌ஷன்தானே என்று வாக்காளர் அட்டை ஐந்தையும் மேசை லாச்சிக்குள் போட்டவன் நான். இன்னும் கிடக்கின்றன, புத்தம் புதிதாக. கடையில் அன்றைக்குச் சரியான சனம் என்றேன். ஜாய்ஸ் பிளாஸ்கைத் திறந்து எனக்கும் ஒரு கோப்பை ஊற்றினா. அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து நான் இறங்கினேன். தெரிந்தவர், தெரியாதவர், கோயிலில் கண்டவர், கடையில் கடன் சொன்னவர், எங்கட வட்டாரத்தில் இருக்கிற ஒருவரையும் விடவில்லை. கடைசியாகக் குணம் அண்ணை. தபால் வோட்டுக்கு நாள் கடந்துவிட்டது. நடந்துதான் வர வேண்டும். அவர் கட்சி கேட்கவில்லை, கொள்கை கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அங்கை இருக்கோ?"

வாக்களிப்பு நிலையம் ஒரு சேர்ச் மண்டபம். முதல் நாளே போய்ப் பார்த்தேன். இருந்தது. இடப்பக்கம், சுத்தமாக, கைப்பிடியோடு. போனில் விபரம் சொன்னேன்.

வியாழக்கிழமை கோட் போட்டுக்கொண்டு வந்தார். கையில் பெரிய பிளாஸ்ரிக் பை. பாஸ்போர்ட், பிரஜாவுரிமைப் பத்திரம், கலியாண எழுத்து, நாற்பது வருடத்துக்கு முந்திய அகதி விண்ணப்பத்தின் கொப்பி — எல்லாம் அதற்குள். மேசையில் இருந்த பிள்ளைக்கு அவருடைய பஸ் பாஸ் போதுமாக இருந்தது. அதற்கு முதல் இடப்பக்கம் போய்வந்தார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

வாக்குச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, மூண்டு பேருக்குப் போடலாமாம். நாட்டை ஆளுறதுக்கே ஒண்டுதானே தந்தவங்கள்?" கயிற்றில் கட்டியிருந்த பென்சிலைத் தொடவில்லை. "அழிச்சுப் போடுவாங்கள்." சட்டைப் பையிலிருந்து தன் பேனையை எடுத்தார்.

ஜாய்ஸ் வென்றுவிட்டா. சொற்ப வாக்குத்தான் என்று கேள்வி. அதில் என் வீட்டு ஐந்து எங்கே இருக்கிறது என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பூட்டு? இதை எழுதும்வரை தொங்குகிறது. கவுன்சில் இனித்தான் கூட வேண்டும். ஆனால் குணம் அண்ணை இப்போது ஒவ்வொரு நாளும் காலை வருகிறார். குளிசையை வீட்டுக்குத் திரும்பிப் போய்த்தான் போடுகிறாராம். (அவருடைய டொக்டர் தமிழ் வாசிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.) வந்ததும் நேரே எதிர்ப்பக்கம் போய்ப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். பிறகு வந்து வாங்கில் நடுவில் இருப்பார்.

"ஜெனீவாவில என்னவாம் அண்ணை?" என்று நேற்றுக் கேட்டேன்.

"அது கிடக்கட்டும். ஜாய்ஸ் என்னவாம்?"

புதுப் பொன்னாடை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். திறக்கிற அன்றைக்கு அந்த வாசலிலேயே ஜாய்ஸுக்குப் போர்த்திப் படம் எடுக்க வேண்டும். கடையில் மாட்ட இடமும் பார்த்தாயிற்று — எம்.பி.க்கு மேலே.